எண் நாற்பத்தேழு

முதுகில் பச்சைப் பொட்டு வைத்து
எண் ஒட்டியது நான்தான்.
ல்யூப்லியானாவில் இவள் போக்குவரத்தெல்லாம் என் நோட்டில்:
லிண்டன் மரம். லிண்டன் மரம்.
மழை. மறுபடி லிண்டன்.

ஆயுள் முழுக்கச் சம்பாதிப்பது
தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு.
அதுவும் வாய்க்கு வாய் மாறி வந்த எச்சில்.

போருத் என் கோப்பையைத் தொடமாட்டான்,
அத்தனை சுத்தம்.
அவன் ரொட்டியில் தேன் வழியும்போது இதைச் சொன்னேன்.
மெல்வதை நிறுத்தினான்,
யோசித்தான்,
இன்னொரு துண்டு கேட்டான்.

நான் மட்டும் என்னவாம்?
கையெழுத்திட்டு வாங்கியது நூறு கிராம்.
ஆய்வுக்கு மிஞ்சியது எண்பது.
மீதிக்குப் புறங்கை பொறுப்பு.

இன்று ஜன்னலோரம், ஜாடி விளிம்பில்
பச்சைப் பொட்டு.
தணிக்கைக்கு வந்திருக்கிறாள் போல.
ஒரு வாய் உறிஞ்சிவிட்டுப் பறந்தாள்.
நோட்டில் எழுதினேன்:
எழுபத்தொன்பது சொச்சம்.