அரைப் புள்ளி

கடைசிச் சுற்றுக்கு முன்
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்து டிலக்சன் கேட்டான்:
"டிரோ போடுவமா?"
தேத்தண்ணி குடிப்பமா என்று கேட்கிற அதே குரல்.

நான் சீனன்குடா மா ஆலையில்
இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தேன்.
காதுமடலுக்குப் பின்னால் இன்னும் கோதுமை.
ஐந்து சுற்றில் நாலு புள்ளி. அவனுக்கும் நாலு.
ஆளுக்கு அரை எடுத்தால்
இருவரும் மாகாணப் போட்டிக்கு.
கணக்கை பிஸ்கட் பெட்டி மட்டையில் போட்டு வைத்திருந்தான்.
அதில் மூன்றாவதாய் ஒரு பெயர்:
மிஸ்பாஹா, கிண்ணியா, மூன்றரை.
கீழே ஒரு கோடு.
"அவள் வெண்டாலும் நாலரைதான் மச்சான்,
டை-பிரேக்கில அடிபட்டிருவாள்."

கொழும்புக்கு இரவு ரயிலில்
ஒரே சீட்டில் முறை வைத்துத் தூங்கியவர்கள் நாங்கள்.
ஒரு சோற்றுப் பார்சலை நடுவால் பிரித்து
பொரித்த முட்டைக்கு நாணயம் சுண்டியவர்கள்.
நான் தலையாட்டினேனா?
இல்லை என்று சொல்லவில்லை.
அது போதுமாயிருந்தது.

மணிக்கூட்டை அழுத்தி விட்டார் லியனகே சேர்.
நடித்தோம்.
நெற்றியைப் பிடித்தேன், தண்ணீர்ப் போத்தலைத் திருகினேன்.
ஏழாம் நகர்வுக்கு எட்டு நிமிடம் எடுத்தேன்,
சைக்கிள் செயின் எத்தனை ரூபாய் வரும் என்று யோசித்தபடி.
அவன் முத்து முத்தாய் எழுதினான்
ஸ்கோர் தாளில்.

நடிப்பில் ஒரு ஆபத்து உண்டு.
உற்றுப் பார்ப்பது போல அதிக நேரம் பார்த்தால்
பலகை தெரியத் தொடங்கிவிடும்.

அவன் பார்க்காமல் தள்ளிய காலாளுக்குப் பின்னால்
எஃப் ஐந்து
வாசல் திறந்த வீடுபோலக் கிடந்தது.
என் குதிரை ஒரே பாய்ச்சல் தூரத்தில்.
பிறகு நாலு நகர்வு, ராணி விழும்.
மறுபடி எண்ணினேன். விழும்.

தொட்டால் நகர்த்தியாக வேண்டும்.
விரல் குதிரையின் காதுக்கு மேலே
ஒரு அரிசி மணி உயரத்தில் நின்றது.
டிலக்சன் விரலைப் பார்த்தான். பிறகு பலகையை.
அவனுக்கும் தெரிந்துவிட்டது.
அவன் முகத்தில் கோபம் இல்லை;
கடன் கேட்டு வந்தவனின் முகம்.
கையை நீட்டினான்.

பன்னிரண்டு நகர்வு.
வெளியே வந்து சோடா குடித்தோம்,
எனக்கும் சேர்த்து அவனே காசு கொடுத்தான்.

உள்ளே மூன்றாம் மேசையில் மிஸ்பாஹா
யானையும் இரண்டு காலாளுமாக
மூன்று மணித்தியாலம் இருந்தாள்.
அவளுடைய அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே
ஜன்னலுக்கு வெளியே நின்றான்.
வென்றாள்.
முடிவுத்தாள் ஒட்டிய சுவருக்கு வந்து
மூன்றாம் வரியில் தன் பெயரை விரலால் தொட்டாள்,
பிறகு எங்கள் வரியை.
திரும்பி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்:
"பன்னிரண்டா?"

பாலத்துக்கு அப்பால் போகிற கடைசி வெளிச்சத்தில்
மோட்டார் சைக்கிள் புறப்பட்டது.

பொழுதுபட, கடற்கரைப் பக்கமிருந்து மான்கள் வந்தன,
எப்போதும்போல, கேட்டைக் கேளாமல்.
ஒன்று சுவரில் முகர்ந்து
பசையோடு தாளை இழுத்தது.
புள்ளிமான் எங்கள் புள்ளிகளைத் தின்றது,
அரை, அரை, ஒன்று, பூச்சியம் எல்லாம்.
லியனகே சேர் கைதட்டி விரட்டினார்.
நான் விரட்டவில்லை.
எப்படியும் இணையத்தில் ஏற்றியாயிற்று.

மட்டக்களப்பில் ஐந்தில் ஒன்று எடுத்தேன்.
ரேட்டிங்கில் பதினெட்டு போனது.
டிலக்சன் இப்போது கட்டாரில்,
விசேஷ நாட்களில் குரல்பதிவு அனுப்புவான்.

ஆலையில் இரவு இரண்டு மணிக்கு
பட்டி ஓடுகிற சத்தத்தில்
அந்தக் குதிரையை நகர்த்துகிறேன்.
பிறகு கறுப்பின் பக்கம் போய் உட்காருகிறேன்.
வெல்வதற்கு அல்ல.
கறுப்புக்கு ஒரு தப்பும் வழி இருந்ததென்று தெரிந்தால்,
அந்தப் பாய்ச்சல் எப்படியும் வீண் என்று தெரிந்தால்
நித்திரை வரும்.

நாலு மாதமாய்த் தேடுகிறேன்.
ராணி விழுகிறது.