இரண்டு மணி மாத்திரை

உறைபனி விழுந்த தை மாதம்.
கேரட் தோட்டத்தின் ஓரமாய் ஒதுங்கினேன்.
வெளுத்த புல்மேல் ஆரஞ்சுச் சாயம்.
ரத்தமில்லை, டிபி மாத்திரையின் நிறம்தான், பயந்துவிடாதீர்கள் என்று
ஹில்டா மேடம் முன்பே சொல்லியிருந்தார்.
நிறத்துக்கு நான் பயப்படவில்லை.
நெற்றியில் விளக்குக் கட்டிய பதினோரு பேர்,
அதில் ஒருத்தி திரும்பினால் போதும்.
செருப்பால் பனியை இழுத்து மூடினேன்
பூனை மாதிரி.

கேத்தி பாலாடாவில் எங்களுக்கு ராத்திரியில்தான் அறுவடை.
ஒன்றரைக்கு ஷாஜியின் பிக்கப் வரும்.
பிடுங்கி, தழை திருகி,
டிரம்மில் கொட்டிக் கழுவி,
மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு இறங்க வேண்டும்.
வெயில் பட்டால் விலை போச்சு.

எட்டு வருஷமாய் நாளுக்கு ஒன்றுதான் முழுங்கினேன்.
பகல் இரண்டு மணிக்கு, கதவைச் சாத்திக்கொண்டு.
சளியில் காசம் தெரிந்த பிறகு
அந்த மாத்திரைக்கு ஒரு தம்பி வந்தான்,
பன்னிரண்டு மணி நேரம் தள்ளி.
எதுக்கு மேடம் இன்னொண்ணு?
டிபி மருந்து ஈரலை முடுக்கிவிடுமாம்.
ஈரல் மற்ற மருந்தை அவசரமாய்க் கழுவி
வெளியே தள்ளிவிடுமாம்.
எங்க டிரம் மாதிரியா என்றேன்.
அவர் டிரம்மைப் பார்த்ததில்லை.
வேகம் கூட்டினால்
சேறோடு தோலும் போய்விடும்.

டிபி அட்டையில் குழிக்குக் குழி பின்னால் ஒரு நம்பர்.
பிதுக்கினதும் மிஸ்டு கால் கொடுக்கணும்.
ஒரு நாள் மறந்தால் ஊட்டியிலிருந்து போன்.
தம்பிக்கு நம்பர் கிடையாது.
அவன் பாட்டுக்கு வெள்ளை டப்பாவில் கிடந்து
வளைவுக்கு வளைவு பிக்கப்பில் கலகலத்தான்.
பஞ்சு அடைத்தேன்.
பஞ்சையும் மீறி எனக்குக் கேட்டது.
பிறகு டப்பாவை வீட்டில் விட்டுப் போனேன்.
பிறகு மண்டி லீவு நாளில் மட்டும்.
பிறகு
எண்ணவில்லை.

ஆடிக் காற்றில் மரம் சாய்ந்து குன்னூர் ரோடு அடைத்தது.
லோடு நின்றது. மூட்டைக்குள் கேரட் வேர் விட்டு அழுகிற நாற்றம்.
என் ரத்தம் மட்டும்
ஐஸ் பெட்டியில் கோத்தகிரி சுற்றி
கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டது.

சளி சுத்தம்.
எடை நாலு கிலோ கூட.
கைகுலுக்க வந்த மேடம் இன்னொரு காகிதத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.
வருஷா வருஷம் 'தென்படவில்லை' என்று வந்த இடத்தில்
அறுபத்தெட்டாயிரம்.

நடுவுல விட்டுட்டீங்களா?
இல்ல மேடம்.
டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார்.
கணக்கு சரியாக இருந்தது.
மிச்சத்தைப் பாலாடா ஓடையில் போட்ட கை
மேசைக்கு அடியில் இருந்தது.

மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்த ரத்தம்
சென்னை போய் எழுத்து எழுத்தாய் வாசிக்கப்பட்டு வந்தது.
"பழைய மருந்துக்கு அது பழகிடுச்சும்மா"
என்று மெதுவாய்ச் சொன்னார்,
வளர்த்த நாயைப் பற்றிச் சொல்கிற மாதிரி.
வீட்டில் எனக்குப் பழகியது என்று
வேறெதுவும் இல்லை மேடம்
என்று சொல்ல வந்து
ஓடையைப் பற்றிச் சொன்னேன்.
அவர் திட்டவில்லை. பேனாவை மூடினார்.
திறந்தார். எழுதினார்.

புது மாத்திரை பெரிசு.
இதுவும் இரண்டு வேளை.
இது கேட்காமல் போனால் அடுத்தது உண்டா என்று
நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்று ராத்திரி இரண்டு மணி.
ஷாஜி பள்ளத்தில் ஏற்றி இறக்கினான்.
பஞ்சை எடுத்துவிட்ட டப்பா
எல்லாருக்கும் கேட்கிற மாதிரி குலுங்கியது.
எதிரே பவுனுத்தாயி நெற்றி விளக்கைத் தூக்கினாள்.
"என்னாது, மிட்டாயா? எனக்கொண்ணு குடு."
"கசக்கும்" என்றேன்.

வெளிச்சம் என் உள்ளங்கையிலேயே நின்றது.
நான் முழுங்கி முடிக்கிற வரை
அவள் தலையை அசைக்கவில்லை.