பதினொன்று

பிட்ஸ்பர்க்கின் தெற்குச் சரிவில்
ஹேவர்லி நிறுத்தம் வேண்டுமா வேண்டாமா என்று
எண்ணிவர என்னை அனுப்பினார்கள்.
பிப்ரவரி. செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரை.
கட்டைவிரலால் அமுக்கும் சின்னக் கருவி கையில்;
ஓர் ஆள் ஏறினால் ஒரு சொடுக்கு.

கோப்பை முந்தின இரவே படித்திருந்தேன்.
முதலில் அது கரிவண்டித் தடம்.
குன்றின் வயிற்றைக் குடைந்து
கறுப்பை ஆற்றுக்கு இறக்கிய பாதை.
கரி தீர்ந்தது, தடம் தீரவில்லை;
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதில்
ஆட்களை ஏற்றத் தொடங்கினார்கள்.
தளம் இல்லை. கூரை இல்லை.
பெயர் மட்டும் இருந்தது:
மனை விற்ற தரகனின் மாமனார் பெயர்.

பென்சிலில் ஒரு புகார், பழுப்பேறி:
"ஐயா, மழையில் நிற்கிறோம்.
ஈரச் சட்டையோடு உலை முன்னால் நின்றால்
உடம்பிலிருந்து ஆவி எழுகிறது.
மேஸ்திரி சிரிக்கிறான்.
ஓந்த்ரேய் ஹவ்ரில்லா, இன்னும் நாற்பத்தொரு பேர்."
நாற்பத்தொன்றில் பதினெட்டு
வெறும் பெருக்கல் குறிகள்.
தகரக் கூரை வர ஆறு வருடம்.
அதற்குள் எத்தனை குறிகள்
கல்லறைச் சிலுவைகள் ஆயினவோ,
கோப்பில் இல்லை.

போர்க்காலம்: நாளுக்கு ஆயிரத்து நூறு பேர்.
பாதிக்கு மேல் பெண்கள்,
தலையில் துணி, கையில் சாப்பாட்டு டப்பா.
பிறகு ஆலை அணைந்தது.
அட்டவணையில் முதலில் செத்தது
இரவு ஷிப்டு முடிந்து வரும் பதினொன்று இருபது.

எண்பத்தேழில் இலகு ரயில் என்று பெயர் மாற்றி
புதுக் கம்பி, புது வண்டி,
ஒரே ஒரு கதவின் நீளத்துக்குக் கான்கிரீட்.
நாடா வெட்ட வந்தவரின் கத்தரிக்கோல்
முனை மழுங்கி இழுத்தது;
டொலோரெஸ் ப்ரூஸிக் என்ற தையல்காரி
பைக்குள் கைவிட்டுத் தன்னுடையதைக் கொடுத்தாளாம்.
திருப்பிக் கொடுத்தார்களா?
அதுவும் கோப்பில் இல்லை.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கணக்கில்
நான் வந்து நின்றேன்.

செவிலிச் சீருடையில் ஒருத்தி. சொடுக்கு.
செல்லோப் பெட்டியைத் தூக்கமாட்டாமல் ஒரு பையன்.
பெட்டியை எண்ணவில்லை.
இப்படியே மணி ஒன்பது ஐம்பத்திரண்டுக்குள்
பதினொன்று.

கடைசி வண்டி கதவு மூடும்போது
மேலே, பனி மூடிய படிகளில், ஒருத்தி இறங்கி ஓடிவந்தாள்.
ஒரு கையில் கைப்பிடிக் கம்பி,
மறு கையில் செருப்பு.
ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.
மணியடித்தார். போனார்.

மூச்சு வாங்கிக்கொண்டு என் கருவியைப் பார்த்தாள்.
"என்னைச் சேர்த்தீங்களா?"
"ஏறினவங்களை மட்டும்தான், அம்மா."
சிரித்தாள்.
செருப்பை உதறி மாட்டிக்கொண்டாள்.
பத்து மணிக்கு என் வேலை முடிந்தது;
அடுத்த வண்டி பத்தேகாலுக்கு.

வரம்பு பன்னிரண்டு என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் அமுக்கியிருப்பேனா?
தெரியவில்லை.

மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் மாலை ஏழுக்கு.
ஹேவர்லிக்குத் திரும்பும் கடைசி வண்டி
ஆறு நாற்பதுக்கு.
அந்த நிறுத்தத்துக்காக எவரும் பேசவில்லை என்று
குறிப்பில் நானே எழுதினேன்.

இப்போது அந்தக் கான்கிரீட்டில்
மான்கள் நிற்கின்றன, உப்பு நக்க.
வண்டி வேகம் குறைப்பதில்லை.
போன மாதம் போயிருந்தேன்.
படி அறுபத்துமூன்று.
கடிகாரம் பிடித்து இறங்கிப் பார்த்தேன்,
செருப்போடுதான்:
நாற்பத்தாறு நொடி.