நான்கு கிலோ அறுநூறு

ஷார்ஜாவில் எட்டேகாலுக்குக் கிளம்பவேண்டிய விமானம்
திருச்சியைவிட்டே இன்னும் எழும்பவில்லையென்று
ஆறு மணிக்கே எனக்குத் தெரியும்.
"அரை மணி தாமதம்னு சொல், போதும்"
என்றார் ஷிஃப்ட் மேலாளர் ஹானி.
சொன்னேன்.
அதற்குத்தான் சம்பளம் என்று சொல்லிக்கொள்ளலாம்.
அதற்கு மட்டும் இல்லை.

ஏழாம் கவுண்ட்டர். பெயர் கொளஞ்சிநாதன்.
ஊர் விருத்தாசலம் பக்கம்.
மேலே மூன்று சட்டை. அது முன்னேற்பாடு.
பெட்டியைச் சுற்றி நீல நைலான் கயிறு,
கயிற்றின்மேல் டேப், டேப்பின்மேல் பெயர்,
பெயரின்மேல் மறுபடி டேப்.
தராசில் எண் முப்பதைச் சுற்றியே ஆடியது.
எட்டிப் பார்த்தேன்.
பெட்டிக்கு அடியில் செருப்பின் நுனி.
"காலை எடுங்கண்ணே."
எடுத்தார். முப்பத்து நான்கு அறுநூறு.

"அம்மாவுக்கு ரொம்ப முடியலம்மா. ஐ.சி.யூ.ல கெடக்கு."
அந்த வாரத்தில் அது எனக்குப் பதினோராவது அம்மா.
அதில் எத்தனை பேர் உண்மையாகவே கிடந்தார்களோ.
திறக்கச் சொன்னேன்.
கத்தி கிடையாது, கயிற்றைப் பல்லால் கடித்தார்.
பால்மாவு டின், ஒரு டஜன் கோடாலித் தைலம்,
புலி படுத்திருக்கும் போர்வை.
அதன் மடிப்புக்குள் அரக்குப் பட்டு,
மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
புலியை மட்டும் வெளியே எடுத்து வைத்தார்.

எட்டேகால். ஒன்பது. பத்தரை.
ஐந்து முறை அரை மணி சொல்லிவிட்டேன்.
ஐந்து முறையும் வியர்த்து வந்து நின்றார்.
"எப்ப போய்ச் சேரும்? அத மட்டும் சொல்லு."
தங்கைக்குக் கல்யாணம். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை.
அவரால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை,
அம்மாவை ஐ.சி.யூ.வில் படுக்க வைத்துவிட்டார்.
என்னாலும் முடியவில்லை,
ஹானி பக்கத்திலேயே நின்றார்.
துபாயிலிருந்து சென்னைக்கு
ஏழு மணிவரை இரண்டு இருக்கை இருந்தன.
என் திரையில்தான் இருந்தன.

பதினொன்றுக்கு அவர் கை ஓங்கியது.
என்மேல் இல்லை, திரையின்மேல்.
திரை சாய்ந்து என் நெற்றியில் இடித்தது.
சின்னக் காயம்தான்.
வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.
மூன்று பேர் ஃபோனை உயர்த்திப் பிடித்தார்கள்,
என்னை நோக்கி ஒன்று, அவரை நோக்கி இரண்டு.

போலீஸ் அறையில் ஒரு படிவம்.
'தவறு செய்தவர்' என்று ஒரு கட்டம்,
ஒரேயொரு பெயர் கொள்ளும் அகலம்.
கொளஞ்சிநாதன் கேட்காமலேயே
"கை நீட்டுனது தப்புதாம்மா" என்றார்.
என் பங்கைக் கேட்க அங்கே ஆளில்லை.
நானே எழுதினேன்.
கட்டத்தைத் தாண்டி, தாளின் ஓரம்வரை,
ஆறு மணி, திருச்சி, ஐந்து அரை மணிகள்,
அப்புறம் அவர் கை, என் நெற்றி.
ஹானி படித்தார்.
"எனக்கும் மேலேயிருந்து வந்த உத்தரவுதான்."
"ஓரத்தில் இன்னும் இடமிருக்கு சார்" என்றேன்.
பேனாவை வாங்கினார்.
மூடியைத் திறந்தார், மூடினார்.
புகார் வேண்டாமென்று நான் கையெழுத்துப் போட்ட பிறகு
அவரை விட்டார்கள்.

மூன்றேகாலுக்கு விமானம் ஏறியது.
தாலி கட்டும் நேரத்தில்
மூன்று சட்டையோடு கடலின்மேல் இருந்திருப்பார்.

கவுண்ட்டருக்கு அடியில் இன்னும் புலி படுத்திருக்கிறது.
நான்கு கிலோ அறுநூறு.
விலாசம் படிவத்தில் உண்டு.
அடுத்த மாதம் எனக்கு லீவு.
இப்போதே என் பெட்டி இருபத்தொன்பது.
இதையும் சேர்த்துத் தராசில் ஏற்றும்போது
என் செருப்பின் நுனி எங்கே இருக்குமென்று
எனக்குத் தெரியும்.