இஞ்சியோன், கோட்டு எண் 318

வெளியே மைனஸ் பதினொன்று.
வரிசையில் நிற்பவர்களின் கோட்டுக்கடியில்
பூப்போட்ட அரைக்கைச் சட்டை எட்டிப் பார்க்கிறது.
பழைய கடனைத் தீர்ப்பவர்கள் போலச்
சட்டென்று கழற்றித் தருகிறார்கள்.
எண் ஒட்டுகிறேன்.
பையில் ஏதும் இருக்கிறதா என்று கேட்கிறேன்.
இல்லை என்பார்கள், சொல்லி வைத்தாற்போல்.
இருக்கும்:
சூடு செத்த கைவெப்பப் பொட்டலம்,
பேருந்து அட்டை,
பாதி சப்பிக் காகிதத்தில் சுருட்டிய தொண்டை மிட்டாய்.

ஜனம் எங்கே போகிறது என்று
புள்ளிவிவரக்காரர்கள் மாதக் கடைசியில் சொல்வார்கள்.
எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிடும்.
யென் இறங்கினால் என் கம்பிகள் காலி.
ஜப்பானுக்குக் கோட்டோடுதானே போகவேண்டும்,
அந்தக் கூட்டம் என்னைத் திரும்பியும் பார்க்காது.
வெள்ளி இரவு பறந்து
திங்கள் காலை அலுவலகத்தில் கொட்டாவி விடும்
இராப்பூதங்கள் என்று அவர்களுக்குப் பெயர்.

டா நாங் என்றால் குடும்பம்.
பெரிய கோட்டு, நடுத்தரக் கோட்டு,
காது வைத்த கரடிக் கோட்டு.
'எங்கள் மாகாணத்து டா நாங்' என்று சிரிக்கிறார்கள்.
அங்கே கடைப்பலகையில் நம் எழுத்து,
கேட்காமலே கிம்ச்சி,
மேல்மாடி வீட்டுக்காரர் எதிரே வருகிறார்,
நீச்சல் உடையில்
இருவரும் இடுப்பு வளைத்து வணங்கிக்கொள்கிறார்கள்.

முன்பு கொடி பிடித்தவன் பின்னால் வந்தார்கள்.
நாற்பது பேர், நாற்பது மலையேற்ற அங்கி,
எல்லாம் ஒரே கருஞ்சிவப்பு.
எது யாருடையது என்று
முகர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.
இப்போது ஒருவர். அல்லது இருவர்.
அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு
அம்மாவும் மகளும், மூன்று இரவு நான்கு பகல்.
மங்கோலியாவுக்குக் கிராக்கி என்கிறார்கள்,
கோடையில்.
கோடையில் எனக்கு இங்கே வேலை கிடையாது.

விடியல் ஐந்தரைக்குத் திரும்புகிறார்கள்,
மூக்கு உரிந்து, செருப்பில் மணலோடு.
கோட்டை மாட்டியதும் ஒரு கணம்
அது வேறு யாருடையதோ போல இருக்கிறது.
மேசையில் உலர்ந்த மாம்பழப் பொட்டலம்
வைத்துவிட்டுப் போகிறார்கள்.
இந்தக் குளிர்காலத்தில் பதினேழு.
மாம்பழம் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

318 சாம்பல் நிறம், முழங்காலுக்குக் கீழே வரை.
இடது கைப் பொத்தான் இல்லை.
பான் ஹே-இன்,
சியாங் மாயில் ஒரு மாதம் வாழ்ந்து பார்க்கப் போனவள்.
இப்போது இதுவும் ஒரு மோஸ்தர்:
ஊர் பார்ப்பதில்லை,
அறை எடுத்துத் துணி துவைத்துக் காயப்போடுகிறார்கள்.
முதல் செய்தி: இன்னும் இரண்டு வாரம்.
இரண்டாவதில் சொல்லே இல்லை,
சுழலும் மின்விசிறியின் படம்.
பிப்ரவரி பத்தொன்பதில்
கட்டணம் கோட்டின் விலையைத் தாண்டியது.
எழுதினேன்.
'தெரியும். தொங்கட்டும்' என்றாள்.

நாமே போய் வாங்கி உடுத்தினாலும்
இதற்குள் இரண்டு கோட்டு வாங்கலாம் என்றார்
என் மேற்பார்வையாளர் பியோ,
தானப் பெட்டியைக் காலால் நகர்த்தியபடி.
மார்ச் பிறந்துவிட்டது.
கம்பியில் ஒன்பது. பிறகு நான்கு.
பிறகு அது மட்டும்.

பெட்டியில் போடும் முன் பையைத் தடவினேன்,
அது விதிமுறை.
நீல நாடாவில் ஓர் அடையாள அட்டை.
உதவி மேலாளர், விற்பனைப் பிரிவு இரண்டு.
புகைப்படத்தில் உதடு மட்டும் சிரிக்கிறது.
அந்த நாடா கழுத்தில் உரசிய இடத்தில்
கோட்டின் காலர் நூலிழை நூலிழையாய்த் தேய்ந்திருந்தது.

அட்டை இருக்கிறது என்று தெரிவித்தேன்.
இரண்டு நாள் பதில் இல்லை.
மூன்றாம் நாள், வேலை முடியும் நேரம்:
'அடுத்த டிசம்பர் வரை வைத்திருக்க எவ்வளவு?'

அப்படி ஒரு வழக்கமே இங்கே இல்லை.
பியோ தேநீர் குடிக்கப் போயிருந்தார்.
கணிப்பானை எடுத்து
நாட்களை இரண்டாயிரம் வொன்னால் பெருக்கினேன்.
பெரிய தொகை.
ஒரு சுழியத்தை எடுத்துவிட்டு அனுப்பினேன்.