வரக்கூடியது

ஹோபார்ட். ஜூன். மலை முழுக்கப் பனி.
தீர்ப்பாயத்தின் மூன்றாம் அறையில்
ஹீட்டர்தான் முதலில் பேசியது.
நான் பேச்சை எழுத்தாக்குபவள்.
இருமல், விம்மல், நாற்காலி இழுபடும் சத்தம்
எதுவும் பதிவில் வரக்கூடாது என்பது விதி.

மெரின் டல்லக், நாற்பத்தொன்று,
மீன் சந்தையில் இரவு வேலை.
அவள் காலடியில் பிப்:
ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து,
யார் வீட்டு வழக்கோ என்று
தூங்கிக்கொண்டிருந்த கறுப்பு நாய்.

பேக்கரிக்காரர் ஸ்டமாட்டிஸ் சொன்னார்:
"கண் தெரிகிறது. நேராக நடக்கிறாள்.
கையில் வெள்ளைக் கோல் இல்லை.
இரண்டு பை கேட்டாள்,
சில்லறையை எண்ணி வைத்தாள்.
என்ன ஊனம் என்று நான் நம்ப?
ரொட்டியில் ரோமம் இருந்தால்
என்னைத்தானே கேட்பார்கள்?"
கெட்டவர் இல்லை.
மாவு ஏறிய நகங்களை
மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.

அவருடைய வக்கீல் எழுந்தார்.
"கடைசியாக எப்போது விழுந்தீர்கள்?"
"இரண்டு வருஷம் ஆகிறது."
"அப்படியானால் இன்று ஊனம் எங்கே?"

மெரின் ஒரு நோட்டைத் திறந்தாள். மீன் வாசனை.
"பதினேழு தடவை
பிப் என் முழங்காலில் கால் வைத்தான்.
பதினேழு தடவை
இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தேன்,
ஒரு தடவை ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில்.
வலிப்பு வந்தது, போனது.
மண்டை உடையவில்லை.
விழுந்ததை ஆஸ்பத்திரி எழுதி வைக்கிறது.
விழாததை, நான்தான்."

நடுவர் சட்டத்தை எடுத்து
மளிகைச் சீட்டு வாசிப்பதுபோல் வாசித்தார்:
உடலின், மனத்தின் இயக்கம்
முழுதாகவோ பகுதியாகவோ இழந்தது.
இப்போது இருப்பது.
முன்பு இருந்து இப்போது இல்லாதது.
இனி வரக்கூடியது.
இருப்பதாகப் பிறர் ஏற்றிச் சொல்வது.

வினைச்சொல்லுக்குத்தான்
மூன்று காலம் என்றிருந்தேன்.
இந்தப் பெயர்ச்சொல்லுக்கும் உண்டாம்.
நாலாவதாக,
அடுத்தவர் கண்ணில் மட்டும் நிகழும் ஒரு காலம்.

திரையைப் பார்த்தேன்.
"இனி வரக்கூடியது" இருக்கவேண்டிய இடத்தில்
"இனி வரக்கூடாதது" என்று அடித்திருந்தேன்.

அப்பாவின் கைகள் ஐம்பதில் ஆடத் தொடங்கின.
எனக்கு நாற்பத்தெட்டு.
ரத்தம் கொடுத்து ஆறு வாரம்.
பதில் வந்துவிட்டது;
கைப்பையில்
பஸ் அட்டைக்கும் இருமல் மிட்டாய்க்கும் இடையில்
ஒட்டியது ஒட்டியபடி.

பிழையைத் திருத்தினேன். இரண்டே எழுத்து.

பிறகு நாயைப் பற்றிய பகுதி:
குறைபாட்டின் சுமை குறைக்கப் பயிற்சி,
சுத்தம்,
பொது இடத்துக்கேற்ற நடத்தை.
வக்கீல் இரண்டாம் முறை மேசையைத் தட்டினார்.
பிப் ஒற்றைக் கண்ணைத் திறந்து
மூடிக்கொண்டான்.

எல்லோரும் எழுந்தபோது
என் மேசையை ஒட்டித்தான் அவன் போனான்.
ஏன் என்று தெரியாமல்
கையைத் தாழ்த்தி நீட்டியிருந்தேன்.
மோந்துகூடப் பார்க்கவில்லை.
அவன் வேலை வேறு. அவன் மனுஷி வேறு.
வாசலில் ஸ்டமாட்டிஸ்
கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்,
இருவரும் போகும்வரை.
அதுவும் பதிவில் வராது.

தீர்ப்பு ஒத்திவைப்பு, மணி 3.52 என்று தட்டினேன்.
ஒரு வரி மேலே போய்
அடைப்புக்குறிக்குள், விதியை மீறி:
(நாய் குறட்டை விடுகிறது.)