பார்சலுக்கு முப்பது காசு

பகாவ் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரியை
முந்த முடியாது.
அதன் பின்னாலேயே ஊர்ந்து
ஒன்பதே காலுக்கு வந்து சேரும் ஹஃபிஸின் வேன்.
மூட்டையைக் கொட்டி, ஒவ்வொன்றாய் ஒளி காட்டி
இடப்பக்கம் ஆரஞ்சுப் பை, வலப்பக்கம் நீலப் பை
என்று பிரிப்பது என் பிழைப்பு.
பார்சலுக்கு முப்பது காசு.

தைப்பூசம் முடிந்த வாரம்
மூட்டைக்கடியில் ஒரு சாம்பல் நிறப் பை.
குப்பை என்று ஓரமாய் வைத்தேன்.
மறுநாள் நான்கு.
சம்பள வாரத்தில் எண்ணுவதை விட்டுவிட்டு
புது அலமாரி வாங்கினேன்,
அதுவும் சாம்பல் பைக்காரனிடமே.
ஒரு திருகாணி குறைந்தது.

மில்லில் பாய்லர் பார்க்கும் அந்தோணிராஜ்
இருபது ஜோடி காலுறை எடுத்துப் போனான்.
எதற்கடா என்றால்,
"இருபது எடுத்தா அனுப்புற காசு இல்லண்ணே."

வியாபாரிகள் குழுவில் நாளெல்லாம் ஒரே செய்தி:
வெளிநாட்டான் நுழைந்துவிட்டான், விழித்துக்கொள்.
ஆரஞ்சு வந்த வருடமும் இதையேதான் எழுதினோம்.
அந்த வருடம்தான் சர்புதீன் துணிக்கடை
இரும்புக் கதவைக் கடைசியாக இழுத்தது.
இப்போது அது நம்ம ஆரஞ்சு.
நிமிர்ந்து பார்த்தால் வரிசை வரிசையாய்ச் செம்பனை,
ஆப்பிரிக்காக்காரன்.
அவனுக்கு முன்னால் நின்ற பால்மரமும்
இந்த மண்ணில் முளைத்ததில்லை.
இதைக் குழுவில் போடவில்லை.
போட்டால் திட்டுவார்கள்.

ரூபாவதி ஏழு வருடமாய் என் மேசைக்கு வருகிறவள்.
ஆரஞ்சில் கடை வைத்திருக்கிறாள்.
இரவு ஒன்பதுக்குக் கைப்பேசி முன் உட்கார்ந்து
வணக்கம் கூலிம், வணக்கம் ஸ்கூடாய் என்று
நாலு கல் வளையலை ஆட்டிக் காட்டுவாள்.
ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் இஞ்சி மிட்டாய் இருக்கும்.

அன்று வந்தவள் பெட்டி எதையும் கொண்டுவரவில்லை.
"அண்ணே, இது யாரு கைன்னு பாருங்க."
சாம்பல் கடையின் படத்தில் ஒரு மணிக்கட்டு.
மோர்மிளகாய் பொரிக்கையில் எண்ணெய் தெறித்த
அவரைவிதை அளவுத் தழும்பு.
பின்னால் அவள் வீட்டுப் பச்சைச் சுவர்,
நாள்காட்டியின் ஒரு மூலை.
விலை ஆறு வெள்ளி தொண்ணூறு.
அவள் விற்பது இருபத்திரண்டு.
கிள்ளானில் மொத்தமாய் எடுத்தாலே பதினொன்று.

புகார் கொடுத்தாள்.
தங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம் என்று
ஒரு இயந்திரம்
பூப்படத்தோடு பதில் போட்டது.

பிறகு அவளே ஒன்று வரவழைத்தாள்.
எட்டு நாள்.
என் பிளேடை வாங்கி என் மேசையிலேயே கிழித்தாள்.
போட்டாள், கழற்றினாள், வெளிச்சத்தில் திருப்பினாள்.
இரண்டாவது கல்லுக்குக் கீழே
பசை பிதுங்கிய இடத்தை நகத்தால் சுரண்டினாள்.
"அதே வளையல்ண்ணே.
பசைகூட அதே எடத்துல."

கிள்ளான் தவ்கேயை ஏழு வருடமாய்
மாமா என்று கூப்பிட்டவள்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
வெளியே பள்ளி விட்டு வந்த பையன்கள்
பொங்கு வண்டியை மொய்த்திருந்தார்கள்.

அன்றிரவு அவள் ஒளிபரப்பை நானும் பார்த்தேன்.
"அங்க இருக்கறதும் என் கைதான்.
அங்க ஆறு தொண்ணூறு. போறவங்க போங்க.
என்கிட்ட பதினெட்டு.
கல்லு விழுந்தா கொண்டாங்க, ஒட்டித் தர்றேன்.
அந்தக் கடையில யாரு கதவத் தட்டுவீங்க?"
பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நூற்று நாற்பது பேர்
அறுபதாய்க் குறைந்தார்கள்.
பதினோரு செட் போனது.
நல்ல நாளா கெட்ட நாளா, கேட்கவில்லை.

இந்த வாரம் அவள் பெயருக்குச் சாம்பல் பைகள்,
சிறிதும் பெரிதுமாய் முப்பத்தேழு.
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
வியாழக்கிழமை அவை திரும்பி வந்தன,
ஆரஞ்சு உறையில், புது முகவரிகளோடு.
குலுக்கினால் உள்ளே மிட்டாய் உருள்கிறது.

ஒரே வளையல்
என் மேசையை இரண்டு முறை கடக்கிறது.
எனக்கு அறுபது காசு.